விடுதி அறைக்கு ஒருவருக்கு 85, இருவருக்கு 100 என்று ஏற்றினால் புக்கிங் தளங்களில் வேறு விலை காட்டுகிறது. எங்கே பிழை?

முன்மேசை:

வணக்கம். 24 அறை உள்ள விடுதி. எல்லாமே டபுள் ரூம்தான். கணக்குக்கு வசதியாக, காலை உணவோடு இருவருக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் தங்கினால் 85. சேனல் மேனேஜரில் (எல்லா புக்கிங் தளங்களுக்கும் விலையையும் அறை இருப்பையும் அனுப்பும் மென்பொருள்) சிங்கிள் 85, டபுள் 100 என்று அடுத்த ஆறு மாதத்துக்கு ஏற்றியாயிற்று.

முதல் தளத்தில் ஒரு ஆள் என்று தேடினாலும் 100தான் வருகிறது. இரண்டாவது தளத்தில் டபுள் சரியாக 100, ஆனால் சிங்கிள் 72.25. அந்த எண்ணை நாங்கள் எங்கேயும் போடவே இல்லை. இதற்கு நடுவில், ஒருவர் என்று புக் செய்துவிட்டு இருவராக வந்து நிற்கிறார்கள். எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் 30 கேட்டால் ரிசப்ஷனில் வாக்குவாதம். 15 குறைப்பது சரியான அளவுதானா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேட்பிளான்:

72.25 என்ற எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. 100இல் 15 சதவீதம் போனால் 85. 85இல் மறுபடி 15 சதவீதம் போனால் 72.25. உங்கள் தள்ளுபடி இரண்டு தடவை கழிகிறது. சேனல் மேனேஜர் குறைத்த விலையை அனுப்புகிறது. அந்தத் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில், ரேட் பிளானுக்குள் (ஒரு விலையும் அதன் நிபந்தனைகளும் சேர்ந்த தொகுப்பு), 'ஒருவருக்கு 15% குறைவு' என்று முன்பு யாரோ போட்ட விதியும் உயிரோடு இருக்கிறது. தளத்தில் உள்ள விதியை 0 ஆக்குங்கள். குறைப்பு ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். அது சேனல் மேனேஜராக இருப்பது நல்லது. 72.25க்கு ஏற்கெனவே வந்த புக்கிங்குகளை அந்த விலைக்கே மதித்துவிடுங்கள். உறுதிசெய்த விலையைப் பின்னால் ஏற்ற முடியாது.

முதல் தளத்தில் நடப்பது வேறு. விலை முறை இரண்டு வகை. ஒன்று அறைக்கு ஒரு விலை: இரண்டு பேர் வரை 100, மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் கட்டணம். மற்றது ஆள் எண்ணிக்கை வாரியான விலை: 1 ஆளுக்கு ஒரு தொகை, 2 ஆளுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக. புக்கிங்.காம், எக்ஸ்பீடியா போன்ற பெரிய தளங்களில் இரண்டு முறையும் உண்டு. உங்கள் கணக்கு முதல் வகையில் இருந்தால், சேனல் மேனேஜர் அனுப்பும் 'ஆள் 1 = 85' என்ற வரியைத் தளம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சில தளங்கள் பிழைச் செய்திகூட அனுப்பாது. அதனால் உங்கள் பக்கம் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். முதலில் தளத்தின் உதவிப் பிரிவில் சொல்லி ஆள் வாரியான முறைக்கு மாற்றுங்கள். அதன்பின் சேனல் மேனேஜரில் அந்தத் தளத்தின் மேப்பிங்கை (உங்கள் அறை, ரேட் பிளானைத் தளத்தில் உள்ளவற்றோடு பொருத்தும் இணைப்பை) துண்டித்து மறுபடி இணைத்து, ஒவ்வொரு ரேட் பிளானுக்கும் 1 ஆள், 2 ஆள் இரண்டுக்கும் விலை போகிறதா என்று சரிபாருங்கள். கடைசியாக ஆறு மாதத்துக்கும் முழு விலையையும் அனுப்புங்கள். இன்று மாறியதை மட்டும் அனுப்பினால் போதாது. முறை மாறியதும் பழைய விலைகள் செல்லாமல் போகலாம். அப்போது விலை இல்லாத தேதியில் அறை காலியாக இருந்தும் விற்பனைக்கு வராது. இந்த ஒரு படியை விட்டுவிட்டு, 'புக்கிங்கே வரவில்லை' என்று ஒரு வாரம் கழித்துத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சாவிக்கொத்து:

இவ்வளவு சிரமம் எதற்கு? 'சிங்கிள் ரூம்' என்று இன்னொரு அறை வகையை உண்டாக்கி 85 போட்டுவிடலாமே. எல்லாத் தளத்திலும் உடனே தெரியும்.

ரேட்பிளான்:

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சிங்கிள் ரூம் என்பது அறை. ஒருவர் படுக்கும் கட்டில் போட்ட சிறிய அறை. இங்கே கேட்பது டபுள் ரூமில் ஒருவர் தங்குவது. அது ஆள் கணக்கு. 24 அறைதான் இருக்கிறது. புதிய வகைக்கும் 24 என்று எண்ணிக்கை கொடுத்தால் தளங்கள் 48 அறை இருப்பதாக நினைத்து விற்கும். கூட்டமான நாளில் உறுதிச் சீட்டோடு வந்தவருக்குக் கொடுக்க அறை இருக்காது. இரண்டு வகையையும் ஒரே இருப்பில் கட்டிவைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தாலும், புகைப்படம், அறை அளவு, கட்டில் விவரம் எல்லாம் இரட்டிப்பாகிப் பார்ப்பவரைக் குழப்பும். ஒரே அறை வகை, ஒரே இருப்பு, இரண்டு ஆள் விலை. இதுதான் சரி.

கணக்கர்:

15 சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது ஆள் இல்லாததால் உங்களுக்கு உண்மையில் என்ன மிச்சம் என்று எழுதிப் பாருங்கள். ஒரு காலை உணவு, ஒரு செட் துண்டு சலவை, சோப்பு–ஷாம்பு, கொஞ்சம் வெந்நீர். அவ்வளவுதான். படுக்கை விரிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒருவர் படுத்தாலும் பெரிய கட்டிலின் விரிப்பு முழுதாகச் சலவைக்குப் போகிறது. அறையைச் சுத்தம் செய்பவரின் நேரமும் ஏறக்குறைய அதேதான். ஏசி, வாடகை, கடன் தவணை எதுவும் ஆள் பார்த்துக் குறைவதில்லை.

இந்த மிச்சம் 10 என்று வந்தால், தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். விலையில் 1 குறைத்தால் உங்கள் கைக்கு வருவதில் 0.85தான் குறையும்; மீதி கமிஷனில் குறைகிறது. ஆக 10 ÷ 0.85 = 11.76. ஏறக்குறைய 12 வரை குறைத்தால் கைநஷ்டம் இல்லை. 15 குறைத்தால் ஒரு இரவுக்கு 2.75 கையிலிருந்து போகிறது. தனியாக வருபவர்கள் அதனால் அதிகம் வந்தால் கொடுக்கலாம், தவறில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

சதவீதமாக வைப்பதைவிடத் தொகையாக வைப்பது மேல். சீசனில் டபுள் 160 ஆனால் 15 சதவீதம் என்பது 24. ஒரு காலை உணவும் ஒரு துண்டும் சீசனில் 24 ஆகிவிடுவதில்லை. டபுள் 60க்கு இறங்கும்போது 15 சதவீதம் வெறும் 9. அப்போது தனியாக வருபவருக்கு நியாயமான குறைப்புகூடக் கிடைப்பதில்லை. '–12' என்று நிலையாக வையுங்கள். இருவர் வந்தே நிரம்பிவிடும் நாட்களில் வித்தியாசத்தை 5, 6 ஆகச் சுருக்கலாம். அதற்காகச் சிங்கிள் விலையை மூடிவிடாதீர்கள். மூடினால் ஒரு ஆள் என்று தேடுபவருக்கு விடுதியே தெரியாமல் போகும் தளங்களும் உண்டு.

வரவேற்பறை:

வாக்குவாதத்துக்குக் காரணம் அந்த 30தான் என்று நினைக்கிறேன். எக்ஸ்ட்ரா பெட் என்பது மூன்றாவது ஆளுக்குப் போடும் கட்டிலுக்கான கட்டணம். இரண்டாவது ஆள் ஏற்கெனவே இருக்கும் கட்டிலில்தான் படுக்கிறார். அவருக்கு 30 கேட்டால் மொத்தம் 115 ஆகிறது. நேர்மையாக இருவர் என்று புக் செய்தவர் கொடுத்ததைவிட 15 அதிகம். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. அன்றைய டபுள் விலைக்கும் சிங்கிள் விலைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 15 மட்டும், இரண்டாவது ஆள் தங்கும் இரவுகளுக்கு மட்டும் வாங்குங்கள். மூன்று இரவு புக்கிங்கில் இரண்டாம் நாள் வந்தால் இரண்டு இரவுக்குத்தான்.

வாங்குவதற்கு முன் மென்பொருளில் ஆள் எண்ணிக்கையை 2 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை உணவுப் பட்டியலில் ஒருவர்தான் இருப்பார். அங்கே இன்னொரு சங்கடம். இரண்டாவது ஆளின் அடையாளச் சான்றையும் பதிவு செய்யுங்கள். பல நாடுகளில் தங்கும் ஒவ்வொருவரையும் பதிவு செய்வது சட்டம். தீப்பிடித்தால் அறையில் எத்தனை பேர் என்று தெரிய அந்தப் பட்டியல்தான் கையில் இருக்கும். தளத்திலேயே பணம் கட்டியிருந்தால், அது புக் செய்த தொகைக்கு மட்டும்தான். வித்தியாசத்தைத் தனி பில் வரியாகப் போடுங்கள்.

வேண்டுமென்றே செய்பவர்கள் குறைவு. நிறைய பேர் தன் பெயரை மட்டும் போட்டால் போதும் என்று நினைத்து 1 என்று விட்டுவிடுகிறார்கள். வருவதற்கு முந்தைய நாள் அனுப்பும் செய்தியில், 'உங்கள் முன்பதிவு ஒருவருக்கானது, காலை உணவு ஒன்று. இன்னொருவர் சேர்வதானால் இரவுக்கு 15 கூடும்' என்று இரண்டு வரி சேருங்கள்.

கணக்கர்:

ஏஜென்ட் மூலம் குழு வருவதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அவர்கள் பேசுவது 'இருவர் பகிரும் அறையில் ஆளுக்கு 50'. 21 பேர் என்றால் 21 × 50 = 1050 என்று அனுப்புவார்கள். ஆனால் 10 டபுள், 1 சிங்கிள்: 1000 + 85 = 1085. அந்த 35தான் சிங்கிள் சப்ளிமென்ட். ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதாவிட்டால் கேட்டு வாங்குவது கஷ்டம்.

முன்மேசை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது தளத்தில் பழைய 15% விதி இருந்தது, எடுத்தாயிற்று. இப்போது வித்தியாசத்தை 12 ஆக்கியிருக்கிறோம். இரண்டு தளத்திலும் ஒருவருக்கு 88 வருகிறது. ஆனால் முதல் தளத்தில் அடுத்த மாதம் மூன்று தேதிகளில் மட்டும் ஒருவருக்கு இன்னும் 100 காட்டுகிறது.

ரேட்பிளான்:

சேனல் மேனேஜரில் முதல் தளத்துக்கான பக்கத்தில், அந்த மூன்று தேதிகளிலும் சிங்கிள் கட்டத்தில் யாராவது கையால் விலை போட்டிருக்கிறார்களா பாருங்கள். பல சேனல் மேனேஜர்களில் கையால் போட்ட எண் இருந்தால் '–12' விதி அந்தத் தேதியில் வேலை செய்யாது. கட்டத்தில் 88 என்று திருத்தாதீர்கள். திருத்தினால் அதுவும் கையால் போட்ட எண்தான், நாளை டபுள் 120 ஆனாலும் 88இலேயே நிற்கும். கட்டத்தைக் காலியாக்கிச் சேமித்து, அந்தத் தேதிகளை மட்டும் மறுபடி அனுப்புங்கள். பிறகு உள்நுழையாத வேறொரு பிரவுசரில் ஒரு ஆள், ஒரு இரவு என்று தேடிப் பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்தபடி பார்த்தால் உறுப்பினர் சலுகை கலந்து தவறான எண் தெரியலாம்.

முன்மேசை:

ஆமாம், மூன்றிலும் 100 என்று கையால் போட்டிருந்தது. காலியாக்கி அனுப்பினேன், 88 வந்துவிட்டது.