ஏற்றிப் போகிறேன், ஆனால் மனசுக்குள் கணக்கு ஓடுகிறது

பத்தாங்காரி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் (2007ல் பேரை மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது). எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா, பழைய தோட்டத்துக் கிராணி (கணக்கெழுதுகிறவர்), மனைவி இல்லை, மகன் சிங்கப்பூரில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. போன பெரிய வியாழன் ஆராதனையில் பாஸ்டர் யோவான் 13 எடுத்தார். இயேசு சீஷர்களின் கால் கழுவியபோது, அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸும் அங்கேதான் இருந்தான், அவன் காலையும் சேர்த்துத்தான் கழுவினார் என்றார். அது தைத்துவிட்டது. அடுத்த வாரமே ஆரம்பித்தேன். ஆறு மாதமாகச் செவ்வாய், வியாழன், சனி, விடியற்காலை ஐந்தே காலுக்கு என் மைவி காரில் அவரைக் கோல சிலாங்கூர் டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்கிற) சென்டருக்கு ஏற்றிப் போய், முடிந்ததும் திரும்பக் கூட்டி வருகிறேன். வீட்டில் தையல் எடுக்கிறேன், அதனால் நேரம் என் கையில் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், தீபாவளி ஆர்டர் வரும்வரைக்கும்.

நன்றி என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. ஏசியை அடை, ஏன் ரெண்டு நிமிஷம் லேட்டு, இதுதான். போகும் வழியெல்லாம், மலேசியாவில் வியாபாரத்துக்கு முதல் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டது இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ல், தெரியுமா என்பார். தெரியும் தாத்தா, வாரம் மூன்று தடவை தெரியும். போன வாரம் உடம்பு சூடாக இருக்கிறதே என்று இளநீர் வாங்கிக் கொண்டுபோய் நீட்டினேன். "எடுத்துட்டுப் போ, என்னைக் கொல்லப் பாக்குறியா" என்று கத்திவிட்டார், சென்டர் வாசலில், எல்லார் முன்னாலும். பெட்ரோல் ஸ்டேஷனில் காரை நிறுத்தி அழுதேன்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஊழியம் செய்கிறவர்களுக்கு நன்றி சொன்னார்கள். பாட்டுக்குழு, ஓய்வுநாள் பள்ளி, ஒலிபெருக்கி பார்க்கிற பையன் வரைக்கும் பேர் வந்தது. என் பேர் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமையலறைக் காலண்டரை எண்ணினேன். அழைத்துப் போன நாளெல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். மறக்காமல் இருக்கத்தான் போட ஆரம்பித்தது, எப்போது அது கடன் புத்தகம் ஆனது என்று தெரியவில்லை. எத்தனை டிக், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) பெட்ரோல், எத்தனை ரவிக்கை தைத்திருக்கலாம். அன்பு தற்பொழிவை (தன் லாபத்தை) நாடாது என்று 1 கொரிந்தியர் 13ல் இருக்கிறதே. அப்படியானால் நான் செய்வது அன்பே இல்லையா? மனசு சுத்தமாகிற வரைக்கும் நிறுத்திவிடலாமா?

கூலிம்பையன்:

நிறுத்தாதீங்க அக்கா. உங்க மனசு சுத்தமாகிறதுக்குள்ள அவருக்குச் செவ்வாய்க்கிழமை வந்துரும்.

ஊசிக்காரி:

நான் டயாலிசிஸ் நர்ஸ், ஜொகூர் பக்கம், பதினோரு வருடம். அக்கா, அந்த இளநீர் விஷயத்தில் தாத்தா சொன்னது சரி. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நமக்குச் சிறுநீரில் போய்விடும், அவருக்குப் போக வழியில்லை, ரத்தத்திலேயே நிற்கும், ரொம்ப ஏறினால் இதயமே நின்றுவிடலாம். வாழைப்பழமும் அப்படித்தான். அவர் கத்தியது தப்புதான், ஆனால் பயத்தில் கத்தியிருக்கிறார். ஏசியும் திமிர் இல்லை. நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே குழாயில் ஓடித் திரும்புகிறது, எங்கள் நோயாளிகள் பாதிப்பேர் போர்வை கேட்பார்கள். முடிந்து எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். தண்ணீரும் அளவுதான், பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல், அதில்தான் மாத்திரையும் விழுங்க வேண்டும், தே தாரிக்கும் (பால் தேநீர்) குடிக்க வேண்டும். இந்த தாகத்தோடு ஒருவர் இனிமையாகப் பேசினால்தான் எனக்கு ஆச்சரியம்.

கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் அன்றைக்கு அழுதிருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்ல வேண்டியிருந்தது.

செக்ரோல்:

சுங்கை சிப்புட்டிலிருந்து. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டில் (ஆள் எண்ணும் வரிசையில்) நிற்க வேண்டும், கிராணி செக்ரோலை (வருகைப் பதிவேட்டை) திறந்து பேர் கூப்பிடுவார், கொஞ்சம் பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அம்மா ஒரு தடவை காய்ச்சலாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவர் தோளில் பால் நாற்றம். அதனால் உங்கள் காலண்டரைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஆயுசெல்லாம் செக்ரோல் எழுதிய மனுஷனுக்கு நீங்கள் செக்ரோல் எழுதுகிறீர்கள்.

சரி, விஷயம். அதே கொரிந்தியர் 13ம் அதிகாரத்தில் "தீங்கு நினையாது" என்று வருகிறது இல்லையா, கிரேக்கத்தில் அந்த "நினையாது" இருக்கிற இடத்தில் கணக்கு வைப்பதற்குச் சொல்லும் வார்த்தைதான் இருக்கிறது. தீங்கைக் கணக்கில் ஏற்றாது. நீங்கள் செய்த நன்மையைத்தானே எழுதினீர்கள் என்று கேட்கலாம், ஆனால் ஒரு பக்கம் நான் செய்தது என்று எழுதினால் எதிர்ப்பக்கம் அவர் செய்யாதது என்று தானாக விழுந்துவிடும். ஒரே புத்தகம்.

ஆனால் அன்பே இல்லையா என்று கேட்டீர்களே, அதற்கு மத்தேயு 21 பாருங்கள். அப்பா இரண்டு மகன்களையும் தோட்டத்து வேலைக்குப் போகச் சொல்கிறார். மூத்தவன் மாட்டேன் என்றான், அப்புறம் மனம் மாறிப் போனான். மற்றவன் போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. எவன் அப்பாவின் சித்தப்படி செய்தவன் என்றுதான் இயேசு கேட்டார், எவன் சிரித்த முகத்தோடு போனான் என்று கேட்கவில்லை. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஐந்தே காலுக்குச் சாவியை எடுக்கிறவர்.

மூன்றாவது வரிசை:

எல்லாரும் அக்காவுக்கு வசனம் சொல்கிறீர்கள், நல்லது. எனக்கு வேறு ஒரு கேள்வி. அந்தச் சபையில் வேறு யாரிடமும் கார் இல்லையா? நம் சபைகளில் தன்னலமற்ற அன்பு என்றாலே ஒரு பெண்ணின் பேர்தான் கூட வருகிறது. என் அம்மா அப்படித்தான் எல்லார் வீட்டு நோயாளிக்கும் கஞ்சி தூக்கிக்கொண்டு போய் கடைசியில் தன் சர்க்கரையைப் பார்க்காமல் விட்டார்.

நல்ல சமாரியனை மேலே ஒருவரும் சொல்லாதது ஆச்சரியம். லூக்கா 10ஐ மெதுவாகப் படியுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், ஒரு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்! திரும்பி வருகிறேன், மிச்சம் செலவானால் தருகிறேன் என்றும் சொன்னான், ஆனால் கிளம்பினான். சத்திரக்காரனும் அந்தக் கதையில் ஒரு ஆள்தான். அக்கா, பாஸ்டரிடம் போய், எனக்கு நன்றி வேண்டாம், சனிக்கிழமைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேர் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பதைவிட அது நேர்மை.

பத்தாங்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தீபாவளித் தையல். ஊசிக்காரி, இளநீர் பற்றிப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. தாத்தாவிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அலமாரியைத் திறந்து, சாப்பிடக்கூடாத சாமான் பட்டியலை எடுத்துக் காட்டினார், அச்சடித்ததில்லை, கிராணிக் கையெழுத்தில் வரிசை எண் போட்டு அவரே எழுதியது. இப்போது ஏசியை அடைத்துத்தான் ஓட்டுகிறேன், எனக்கு வேர்த்து ஊற்றுகிறது.

பாஸ்டரிடமும் கேட்டேன். சனிக்கிழமை வாலிபர் குழுவில் ஒரு பையன் எடுத்துக்கொண்டான். காலண்டரில் டிக் போடுவதை விட்டேன், இருந்தாலும் எண்ணிக்கை தலையில் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. இன்று காலை காரில் ஏறி உட்கார்ந்ததும் தாத்தா சொன்னார், "அந்தப் பையன் நல்லா ஓட்டுறான்மா." இத்தனை மாதத்தில் என்னிடம் ஒரு தடவை சொன்னதில்லை!