கால்ல மாவுக்கட்டு, கையில ஜீனோ: அடுத்து என்ன படிக்கலாம்?

குடியாத்தத்துக்காரி:
மாடிப்படியில வழுக்கி கணுக்கால் எலும்பு விட்டுடுச்சு. மாவுக்கட்டோட வீட்ல கெடக்கேன். வெயிலுக்கு கட்டுக்குள்ள அரிப்பு தாங்கல. எதிர் வீட்டு அண்ணன் சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' குடுத்தாரு. விகடன்ல தொடரா வந்ததாம். அரிப்பே மறந்துபோச்சு! அந்த நாட்டுல யாருக்கும் ரெண்டெழுத்துக்கு மேல பேரு கூடாது. நிலா, சிபி, ரவி. என் பேரை எந்த இடத்துல வெட்டுவாங்கன்னு நேத்து ராத்திரி பூரா யோசிச்சினு இருந்தேன். ஜீனோ மேல அவ்ளோ பிரியம் வந்துடுச்சு. மெஷின் நாய்தான், ஆனா புஸ்தகம் படிச்சுப் படிச்சே அதுக்கு புத்தி வளருது பாருங்க, அங்கதான் நான் விழுந்துட்டேன். இதே மாதிரி வேற சொல்லுங்க. அறிவியல் கதைதான்னு இல்ல, எதுவானாலும் சரி.

காட்பாடி ரயிலடி:
முதல்ல 'மீண்டும் ஜீனோ' எடும்மா, அது இதோட தொடர்ச்சி. இங்கிலீஷ் வரும்னா ழூல் வெர்ன் 1865ல எழுதுன நிலாப் பயணக் கதை குட்டன்பர்க் தளத்துல காசில்லாம கிடைக்குது. 900 அடி பீரங்கிய ஃபுளோரிடா மண்ணுல புதைச்சு, அலுமினியக் குண்டுக்குள்ள மூணு பேரை உக்கார வச்சு சுடுவாங்க. நிஜத்துல அப்படிச் சுட்டா, கிளம்புற வேகத்துலயே ஆளு நசுங்கிடுவான். ஆனா 1969ல அப்பல்லோ 11 போனதும் அதே ஃபுளோரிடாவுலருந்து, அதுவும் மூணு பேரோட! நடுநடுவுல மு.வ.வோட 'அகல் விளக்கு' படி. 1961ல சாகித்ய அகாதமி வாங்குனது. நம்ம வாலாஜாப்பேட்டை தெருவுல ஓடுற கதை.

ஆலங்காயம்:
தங்கச்சி, காவலூரை விட்டுட்டீங்களே! எங்க ஊருலருந்து மலையேறினா வானாய்வகம். 1977 மார்ச்சுல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுதுன்னு பல ஊருல காத்துனு இருந்தாங்க. மறைக்கறதுக்கு முன்னாடியே நட்சத்திரம் கொஞ்சம் மங்கி மங்கி எரிஞ்சுது. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சுது. காவலூர் தொலைநோக்கியிலயும் அது பதிவாச்சு. கதை படிக்கிறப்ப நடுவுல வானவியல் புஸ்தகம் ஒண்ணும் சேத்துக்குங்க, ருசியே வேற.

குடியாத்தத்துக்காரி:
காவலூர்லயா! இத்தினி பக்கத்துல இருந்துனு எனக்கு யாருமே சொன்னதில்லண்ணா. கிளை நூலகத்து கார்டை அப்பா கையில குடுத்து 'அகல் விளக்கு' கேக்கச் சொல்லியிருக்கேன். பீரங்கிக் கதைய ஃபோன்ல இறக்கிட்டேன். இங்கிலீஷ் மெதுவாத்தான் ஓடும், பரவால்ல. வானவியல்ல தமிழ்ல எது நல்லா இருக்கும், பேரு சொல்லுங்கண்ணா?