எம்டன் கேப்டன் முல்லர் கட்டுரை: முதல்தரம் கொடுக்கலாமா?

கீழைக்கடல்:
முதல் உலகப்போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் பற்றி நம் கலைக்களஞ்சியத்தில் எழுதிவந்த கட்டுரையை முதல்தரத் தகுதிக்கு முன்வைக்கிறேன். ஒன்றரை வருடமாக மெல்ல மெல்லச் சேர்த்தது. 1873-இல் ஹானோவரில் பிறந்ததிலிருந்து 1923 மார்ச்சில் இறந்ததுவரை எதுவும் விடுபடவில்லை என்று நம்புகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு விழுந்த கதைக்குத் தனிப்பிரிவு உண்டு. படித்துவிட்டு ஆதரவோ எதிர்ப்போ காரணத்தோடு சொல்லுங்கள்.

மணலி_ராசு:
ஆதரவு. ராத்திரி ஆரம்பிச்சேன், முடிக்காம எந்திரிக்கல. இந்தியப் பெருங்கடல்ல டியேகோ கார்சியாவுல, உலகப்போர் தொடங்கின சேதியே தெரியாத தீவுக்காரங்களுக்கு மோட்டார் படகை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டுக் கிளம்பினாங்க பாருங்க, அந்த இடம் பிரமாதம்.

பழையதாள்:
எதிர்ப்பு. கீழைக்கடல் கோபித்துக்கொள்ளக் கூடாது. உழைப்பு தெரிகிறது. ஆனால் நான் படித்தது முல்லரின் வாழ்க்கை வரலாறு அல்ல, எம்டனின் பயணக் குறிப்பேடு.

கட்டுரையில் பதினான்கு பிரிவுகள். பதினொன்று 1914 ஆகஸ்ட் முதல் நவம்பர் 9 வரை. அதாவது மூன்றே மாதம். மனிதர் வாழ்ந்ததோ நாற்பத்தொன்பது வருடம். 1891-இல் கடற்படையில் சேர்ந்தார் என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே 1913, எம்டன் பொறுப்பு. நடுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கே போயின? ஷ்வால்பே என்ற சிறு பீரங்கிக் கப்பலில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தார். அங்கேதான் மலேரியா பிடித்தது, கடைசிவரை விடவில்லை. பிறகு பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிஷின் கீழ் பணி, அதன்பின் பெர்லினில் கடற்படைச் செயலர் டிர்பிட்ஸின் அலுவலகத்தில் மேசை வேலை. இவை ஒன்றுமே இல்லை. மலேரியா கடைசிப் பத்தியில் திடுதிப்பென்று வந்து ஆளைக் கொல்கிறது.

இன்னொன்று. ஐயேஷா பாய்மரக் கப்பலுக்கு நான்கு பத்தி. கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க இறங்கிய ஐம்பது பேர், எம்டனின் முதல் அதிகாரி ஹெல்முட் ஃபொன் முக்கே தலைமையில் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு சுமத்ராவின் பாடாங் போய், அரேபியா வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிள் சேர்ந்தார்கள். சுவையான கதைதான். ஆனால் நம் கட்டுரை நாயகர் அப்போது பிரிட்டிஷாரின் கைதி. நாயகர் இல்லாத இடத்தில் கட்டுரைக்கு என்ன வேலை?

மணலி_ராசு:
அண்ணே, அந்த மூணு மாசம் இல்லேன்னா இந்த ஆளைப் பத்தி யாரு கட்டுரை எழுதப்போறா? பெர்லின்ல மேசை போட்டு உக்காந்திருந்த அதிகாரி ஆயிரம் பேரு இருந்திருப்பாங்க. எங்க பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவங்க. சேட்டை பண்ணா 'சரியான எம்டன்டா இவன்'னு திட்டுவாங்க. அந்தச் சொல்லுக்குப் பின்னால இருக்கிற மனுசனைத் தேடித்தான் ஜனம் வரும். மேசையைத் தேடி வராது.

பழையதாள்:
ராசு தம்பி, பாட்டி திட்டியது கப்பல் பெயரைச் சொல்லி. 'சரியான முல்லர்டா' என்று யாரும் திட்டியதில்லை. எம்டன் என்ற சொல் தமிழில் கெட்டிக்காரனுக்கும் தந்திரக்காரனுக்கும் பெயரான கதை கப்பலின் கட்டுரைக்குப் போகட்டும். இங்கே ஒரு வரி போதும்.

கீழைக்கடல்:
ஐயா, நிறை குறையை எடைபோட்டதற்கு நன்றி. ஒரு சங்கடத்தையும் கணக்கில் எடுங்கள். முக்கே 1915-லேயே தன் அனுபவங்களை இரண்டு புத்தகமாக்கிவிட்டார். முல்லர் எழுதவே மறுத்தார். தன் வீரத்தைத் தானே விற்கப் பிடிக்காத மனிதர். எழுதியவன் நிறையக் கிடைக்கிறான், எழுதாதவன் குறையக் கிடைக்கிறான். கிடைத்ததை வைத்துத்தானே கட்ட முடியும்?

பழையதாள்:
எழுத மறுத்தார் என்பதே அருமையான செய்தி. அது கட்டுரையில் எங்கே? தேடிப் பார்த்தேன், காணோம். அவரைப் பற்றி அதிகம் சொல்லும் வரியை விட்டுவிட்டு, எம்டன் பிடித்த இண்டஸ் கப்பலில் சோப்பு கிடைத்ததற்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள்.

நாஞ்சில்வாசி:
என் எதிர்ப்பு வேறு காரணத்துக்கு. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டுரையில் அதை 'என்று கூறப்படுகிறது' என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். சென்னையைக் குறிவைக்க வழிகாட்டியவரே அவர்தான் என்று பள்ளி மேடைகளில் கேட்டு வளர்ந்தவன் நான். தமிழ்க் கலைக்களஞ்சியத்திலேயே தமிழனுக்கு இடம் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்?

பழையதாள்:
நானும் அதே வரியைத்தான் பிடிக்க வந்தேன், மறுமுனையிலிருந்து. 'கூறப்படுகிறது' என்றால் யாரால்? அந்த வரி இருக்கவே கூடாது.

நாஞ்சில்வாசி, தேதியை மட்டும் பாருங்கள். 1914 கோடையில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்குக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். போர் தொடங்கியபின் பெர்லினுக்குப் போனார். எம்டனோ சீனக் கடற்கரையில் சிங்டாவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிளம்பி, பசிபிக்கில் பாகான் தீவில் ஜெர்மன் தளபதி ஷ்பேயின் கப்பற்படையணியைச் சந்தித்து, அங்கிருந்து தனியாகப் பிரிந்து வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. சூரிச்சிலிருந்து ஒருவர் எந்தத் துறையில், எந்த நாளில் அதில் ஏற முடியும்? பிரிட்டிஷ் கடற்படையே தேடிக் கண்டுபிடிக்க முடியாத கப்பல் அது.

சென்னையைக் கண்டுபிடிக்க வழிகாட்டியும் தேவைப்படவில்லை. கலங்கரை விளக்கம் அப்போது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. துறைமுகம் எங்கே, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எங்கே என்பதெல்லாம் கடல்வரைபடத்தில் இருந்த சங்கதி.

நாஞ்சில்வாசி:
நீங்கள் சொல்வதுபோல் நாள்கணக்கு இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஊரே நூறு வருடம் நம்பிய செய்தி. பொய் என்றாலும் அது வரலாறுதான் இல்லையா? 'இப்படி ஒரு நம்பிக்கை உண்டு, இன்னின்ன காரணத்தால் அது பொருந்தாது' என்று எழுதினால் என்ன கெட்டுப்போகும்? அழித்துவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வந்து அதே வரியைச் சேர்ப்பார். நீங்கள் மறுபடி அழிப்பீர்கள். ஆயுசுக்கும் இதே வேலையாக இருக்கும்.

பழையதாள்:
அதைச் செண்பகராமன் கட்டுரையில் எழுதுங்கள், முதல் ஆளாக ஆதரிக்கிறேன். முல்லருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்க நியாயம் இல்லை. நம் ஊர்ப் பெருமைக்காக அவர் கழுத்தில் மாலை போடுவானேன்?

மணலி_ராசு:
இதுல மட்டும் நாஞ்சில்வாசி பக்கம் நான். தமிழ்ல படிக்கிறவன் இந்தக் கேள்வியோடதான் வருவான். பதில் இங்க இல்லேன்னா நேரா யூடியூப் போவான். அங்க என்ன கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

திருமலை:
வணக்கம். நான் இன்னும் ஆதரவும் சொல்லேல்லை, எதிர்ப்பும் சொல்லேல்லை. கட்டுரையில சென்னைக்கு இவ்வளவு இடம் குடுத்த நீங்கள் கொழும்பை அப்பிடியே விட்டிட்டியள். சென்னையை அடிச்சுப்போட்டு எம்டன் இலங்கைப் பக்கம்தான் வந்தது. கொழும்புத் துறைமுகத்தின்ர தேடொளி விளக்குகள் கண்ணுக்குத் தெரியிற தூரத்தில நிண்டு கப்பல் பிடிச்சவை. சீனி ஏத்தி வந்த டைமெரிக், நல்ல கரி ஏத்தி வந்த புரெஸ்க் எல்லாம் இந்தப் பக்கத்துக் கடலிலதான் அம்பிட்டது.

அதைவிட முக்கியமானது ஒண்டு. கோகோஸ் தீவுச் சண்டை முடிஞ்ச பிறகு, எம்டனைத் தோற்கடிச்ச ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி முல்லரையும் காயப்பட்ட ஆக்களையும் கொண்டுவந்து இறக்கினது கொழும்பிலதான். துறைமுகத்தில ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையளை ஏத்தின கப்பல்கள் நிறைஞ்சு நிண்டது. வெற்றிக் கோஷம் போட வேண்டாம், கப்பலில காயக்காரர் இருக்கினம் எண்டு சிட்னியின்ர கேப்டன் க்ளாசப் முதலே சொல்லியனுப்பினவர். அவ்வளவு பேரும் சத்தமில்லாமல் பாத்துக்கொண்டு நிண்டவை. கட்டுரையில 'கைது செய்யப்பட்டார்' எண்ட ஒரு சொல்லோட இதைத் தாண்டிப் போறியள்.

கீழைக்கடல்:
திருமலை அண்ணா, இது என் கண்ணில் படவே இல்லை. கட்டாயம் சேர்க்கிறேன்.

பழையதாள்:
நானும் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் க்ளாசப்பைச் சேர்த்தால் முழுசாகச் சேர்க்க வேண்டும். நடுநிலை பற்றிய என் புகார் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சண்டையில் எம்டன், கோகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த நார்த் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றபின், சிட்னி கரிக்கப்பல் புரெஸ்க்கைத் துரத்திப் போய்விட்டுத் திரும்பியது. எம்டனின் கொடி இன்னும் இறங்கவில்லை. சரணடைகிறாயா என்று சமிக்ஞையில் கேட்டார்கள், தெளிவான பதில் வரவில்லை. எம்டனின் சமிக்ஞைப் புத்தகங்கள் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டன. க்ளாசப் மறுபடி சுட்டார், ஆட்கள் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் கொடி இறங்கியது. கொடியை இறக்காதது முல்லரின் தவறா, அசையாமல் கிடக்கும் கப்பலைச் சுட்டது க்ளாசப்பின் தவறா? இன்றைக்கும் கடற்படை வரலாறு எழுதுகிறவர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. நம் கட்டுரையோ 'கடைசிவரை கொடி தாழவில்லை' என்று வீரவசனம் பேசிவிட்டு நகர்கிறது. அந்தக் கொடிக்கு விலை கொடுத்தவர்கள் அவருடைய மாலுமிகள்.

அதே போக்கில்தான் 'கனவான்' என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. எண்ணினேன்.

கீழைக்கடல்:
கனவான் என்றது நான் இல்லை ஐயா, எதிரி நாட்டுக்காரர்கள். லண்டன் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. பிடித்த கப்பலின் ஆட்களை முதலில் இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மூழ்கடித்தார். கபிங்காவில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல் கைதிகளை ஏற்றி விட்டுவிட்டார். பினாங்கில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கே மூழ்கியபோது நின்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கினார். இவ்வளவும் செய்தவரை வேறு எப்படி எழுத?

பழையதாள்:
செய்ததை எழுதுங்கள், பட்டத்தை வாசகர் கொடுப்பார். அதே பினாங்கில், 1914 அக்டோபர் 28 விடியலில், போலிப் புகைபோக்கி வைத்து பிரிட்டிஷ் கப்பல்போல் உள்ளே நுழைந்தார். சுடும்முன் ஜெர்மன் கொடியை ஏற்றினார், போர்விதிப்படி சரி. நங்கூரத்தில் கிடந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். கட்டுரையில் இறந்தோர் எண்ணிக்கையே இல்லை.

சென்னைப் பிரிவில் 'உயிர்ச்சேதம் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உட்படக் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். எண்ணெய் எரிந்தது என்று மூன்று பத்தி எழுதிய கை, ஆள் செத்தது என்று ஒரு வரி எழுதாதா? அவர்கள் நம் ஊர்த் துறைமுகத்தில் செத்தவர்கள்.

மணலி_ராசு:
இது எனக்கே தெரியாது. குண்டு விழுந்த நினைவா ஹைகோர்ட் சுவத்துல இருக்கிற கல்வெட்டை நூறு தடவை பாத்திருக்கேன், செத்தவங்க உண்டான்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. சரி, இந்த வரியை மாத்துற வரைக்கும் என் ஆதரவை நிறுத்தி வைக்கிறேன்.

கீழைக்கடல்:
அந்த வரியை இப்போதே நீக்கிவிட்டேன். ஒரு பழைய மலர்க் கட்டுரையை நம்பி எழுதியது. தவறு என்னுடையது.

பழையதாள்:
நன்றி. சில்லறைப் பிழைகள் மிச்சம்: ஓரிடத்தில் 125 குண்டு, இன்னோரிடத்தில் 130 குண்டு, ஒரே மூலத்தைப் பிடியுங்கள். 'மூழ்கடித்தவை', 'பிடித்தவை' இரண்டையும் கலக்காதீர்கள். கபிங்கா விடுவிக்கப்பட்டது, புரெஸ்க் கரிக்காக வைத்துக்கொள்ளப்பட்டது, இரண்டையும் மூழ்கடித்த கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். தகவற்பெட்டியில் பதவி 'அட்மிரல்' என்று இருக்கிறது. அவர் அட்மிரல் ஆகவே இல்லை.

பெரிய குறை 1914-க்குப் பிறகு. மால்டாவில் கைதி, 1916-இல் ஆட்களிடமிருந்து பிரித்து இங்கிலாந்துக்கு. அங்கே சட்டன் பானிங்டனில் வேளாண் கல்லூரிக் கட்டடம் சிறைமுகாமாக இருந்தது. 1917 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள், தலைமை முல்லர். எல்லோரும் பிடிபட்டார்கள். பிறகு மலேரியாவால் நெதர்லாந்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள், 1918 அக்டோபரில் வீடு திரும்பினார். பிளாங்கன்பர்க்கில் குடியேறி, பிரவுன்ஷ்வைக் சட்டமன்றத்துக்கு ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி சார்பில் தேர்வானார். வகுப்புப் பிரிவினை கூடாது என்பது அவர் பேச்சு. கட்சியோ கடும் வலதுசாரி. இந்த முரணை எழுதாமல் இவரை எப்படிப் புரிந்துகொள்வது?

கீழைக்கடல்:
எழுதுகிறேன். ஐயேஷாவை இரண்டு வரியாக்குகிறேன், மலேரியாவை ஆப்பிரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். சென்னைப் பிரிவை மட்டும் குறைக்க மாட்டேன். ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதுதான் நோக்கம் என்று முல்லரே சொல்லியிருக்கும்போது, அது அவர் மனத்தைக் காட்டும் இடம். கப்பலின் கதை மட்டும் இல்லை அது. செண்பகராமன் பற்றி ஓர் அடிக்குறிப்பு, நாள்கணக்கோடு.

நாஞ்சில்வாசி:
அடிக்குறிப்பா? பாயசம் வைத்த இலையில் எனக்கு மட்டும் ஓரத்தில் உப்பு. சரி, அது போதும். எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

பழையதாள்:
அடிக்குறிப்புக்கும் என் எதிர்ப்பு உண்டு. சென்னைப் பிரிவின் நீளத்துக்கும் உண்டு. மற்றவை முடிந்ததும் கூப்பிடுங்கள், மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.

திருமலை:
எல்லாம் சரி. தகவற்பெட்டியில ஆள் இன்னும் அட்மிரலாத்தான் நிக்கிறார்.