புயல் நடுவில் காற்று நின்றால் படகைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஓட்டு வீடு. ஃபைபர் படகை எப்படிக் கட்டி வைப்பது? காற்று ஓய்ந்ததும் போய்ப் பார்க்கலாமா?

பதில் 1: போகவே போகாதீங்க. அது ஓய்வு இல்லை, புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, மேலே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் வேர் தளர்ந்த மரமும் நகர்ந்த ஓடும் அப்போதுதான் விழும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கடந்தது உங்க கரையில்தானே!

பதில் 2: எஞ்சின், வலை, டீசல் கேனை இன்றைக்கே மேட்டுக்கு ஏற்றிடுங்க. படகையும் மேடேற்றி, உள்ளே மணல் மூட்டை அடுக்குங்க. ஃபைபர் லேசானது, காலியாக இருந்தால் காற்றே புரட்டிவிடும். காற்று திசை மாறும் என்பதால் நாலு பக்கமும் கயிறு வேணும். தென்னையில் கட்டாதீங்க, மரம் படகு மேலேயே சாயும்.

பதில் 3: படகைவிட முக்கியம், ஓட்டு வீட்டில் தங்காதீங்க. மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடிவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போயிடுங்க. திரும்பியதும் கிணற்றில் 1000 லிட்டருக்குக் குறைந்தது 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்க. கடல்நீர் புகுந்திருந்தால் இது உப்பை எடுக்காது.

கேட்டவர்: நன்றிண்ணே. எஞ்சினை இப்பவே கழற்றுறேன்.