நடுப்பகலில் செடி துவண்டால் வாளியைத் தூக்காதீர்கள்

கோடை தொடங்கி இரண்டாவது வாரம் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போனேன், செம்பருத்தியின் இலைகள் எல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தன. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் அதே நேரம் அதே கோலம், மறுபடியும் ஒரு வாளி. பத்து நாள் இப்படியே போனது. பதினோராவது நாள் வெயில் ஏறுவதற்கு முன்பே, காலை ஆறரை மணிக்கே செடி துவண்டு நின்றது, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன், மேல்தோல் மட்டும் உறை மாதிரி உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மிஞ்சியது. மண்ணில் அழுகல் வாடை. நான்கு வருடம் வளர்த்த செடி அது, தாகம் என்று நினைத்து நானே மூழ்கடித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. உச்சி வெயிலில் இலை ஆவியாக விடுகிற வேகத்துக்கு வேரால் நீரை மேலே அனுப்ப முடிவதில்லை. மண் ஈரமாக இருந்தாலும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் இலை தொங்கத்தான் செய்யும், வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். அகன்ற, மெல்லிய இலை உள்ள செடிகளில் இது ரொம்பவே தெரியும். நாம் அந்த நேரத்தில் ஊற்றி ஊற்றி மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுகிறோம், வேருக்கு மூச்சு முட்டி அழுகிவிடுகிறது. அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாது, செடி இன்னும் வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம். நான் செய்தது அதைத்தான்.

இப்போது மதியம் பார்த்து எந்த முடிவும் எடுப்பதில்லை. மாலையில் நிமிர்ந்துவிட்டதா, மறுநாள் விடியற்காலையில் எப்படி நிற்கிறது என்று பார்க்கிறேன். காலையிலும் துவண்டிருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுவேன். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடிகிற வரை ஊற்றுவேன். ஈரமாக இருந்தால் சிக்கல் வேரில்தான், தண்ணீரைத் தொடவே மாட்டேன். மேல்மண்ணில் காய்ந்த இலைச்சருகை இரண்டு அங்குல மூடாக்காகப் போட்ட பிறகு ஊற்றுகிற தடவைகளே குறைந்துவிட்டன. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் ஈரம் தங்கித் தண்டு அழுகும்.

செம்பருத்தி போன அதே மாதத்தில்தான் காகிதப்பூச் செடி என்னை அசர வைத்தது. சுவர் மூலையில் இருந்த தொட்டி, குழாய் எட்டாது. மற்ற செடிகளுக்குத் தினமும் இரண்டு வேளை போனபோது இதற்கு வாரம் ஒரு தடவை கிடைத்தால் பெரிது. அதற்கு முன் இரண்டு வருடமாக நன்றாகத் தண்ணீர் ஊற்றி உரம் போட்டபோதெல்லாம் இலையும் முள்ளுமாக நீண்டதே தவிரப் பூவே இல்லை. கவனிக்காமல் விட்ட அந்தக் கோடையில் இலை பாதி கொட்டி, கிளை முழுவதும் கருஞ்சிவப்பாக மாறிவிட்டது. மண் கொஞ்சம் காய்ந்து வேருக்கு நெருக்கடி வந்தால்தான் அது பூக்கிற வேலையில் இறங்கும், வசதியாக வைத்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கும். கிட்டே போய் ஒரு கொத்தைப் பாருங்கள், நிறமாகத் தெரிவது இதழே இல்லை, பூவடி இலை. மூன்று பூவடி இலைகள் சேர்ந்து நிற்கும், ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் தீக்குச்சி அளவுக்கு ஒரு குழல் ஒட்டியிருக்கும், அதன் நுனியில் வெள்ளையாக விரிவதுதான் உண்மையான பூ. இந்தச் செடிக்குப் பெயர் வந்தது பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரிடமிருந்து. 1766-ல் கிளம்பிய அவருடைய பயணத்தில் கொமர்சன் என்ற தாவரவியலாளர் பிரேசிலில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே என்ற பெண்தான் உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று சொல்லப்படுகிறார். அந்தச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரும்.

பத்துமணிப் பூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோடைத் தொடக்கத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஒரு துண்டு ஒடித்து மண்ணில் செருகினால் போதும். உருண்டை இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெயில் ஏற ஏற விரியும், வானம் மூடியிருந்தால் மொட்டாகவே நிற்கும். ஒரு நாள் காலை புல் நுனியால் அதன் நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தத் தண்டுகளைச் சும்மா தொட்டேன். கூட்டமாக அப்படியே சாய்ந்தன! தொட்ட பக்கம் நோக்கியே நகர்ந்து வந்தன. கண் ஏமாற்றுகிறதோ என்று இன்னொரு பூவைத் தொட்டேன், அதுவும் அப்படியே. தேனீ வந்து இறங்கும்போது மகரந்தம் அதன் உடம்பில் நன்றாகப் படுவதற்கான ஏற்பாடு இது. இத்தனை வருடம் தினமும் பார்த்த பூ, ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்திமந்தாரை என்றால் எனக்கு இரண்டு சங்கதி. ஒன்று, அந்த அந்துப்பூச்சி. மாலை ஏழு மணி இருக்கும், மங்கலான வெளிச்சம், பூக்கள் விரிந்து வாசனை ஏறியிருந்தது. சிறு குருவி அளவுக்கு ஏதோ ஒன்று காதருகே விர்ரென்று போய், பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றது. உட்காரவே இல்லை. சிறகு அடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டி அந்த நீளக் குழல் பூவுக்குள் விட்டது, இரண்டு நொடி, அடுத்த பூ. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் விரிந்து இரவெல்லாம் மணக்கிற பூவுக்கு யார் வருவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று, வெள்ளை நாற்றுகள். என் செடி ஒன்றில் இலைகளில் வெள்ளைத் திட்டு உண்டு, ஒரு கிளை மட்டும் முழு வெள்ளை. அழகாக இருக்கிறதே என்று அந்தக் கிளையின் விதைகளைத் தனியாக எடுத்து ஊன்றினேன். முளைத்தவை எல்லாம் மெழுகு மாதிரி வெள்ளை நாற்றுகள், சில நாளில் எல்லாம் சுருண்டுவிட்டன. செம்பருத்தி போன துக்கத்தில் இருந்ததால் இதுவும் என் தண்ணீர்க் கோளாறுதான் என்று வருந்தினேன். இல்லை. பச்சையமே இல்லாத நாற்று, விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் உணவு தயாரிக்க வழியில்லை. இதே அந்திமந்தாரையை வைத்துத்தான் 1909-ல் கார்ல் கோரன்ஸ் என்ற ஜெர்மானியர், பச்சையம் தாங்கும் கணிகம் (செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்பு) தாய்ச்செடி வழியாகவே நாற்றுக்கு வருகிறது என்பதற்கு வழிகாட்டிய சோதனையைச் செய்தார். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றைத்தான் தரும். விதை வேண்டுமென்றால் பச்சைக் கிளையிலிருந்து எடுங்கள்.

மல்லிகை இந்த வருடம் நன்றாகவே வந்திருக்கிறது. குளிர் முடியும்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை, புதுத் தளிரில்தான் அது மொட்டு வைக்கும். எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் மாதிரி இருந்ததைச் சுண்டிவிடப் போய், அது வண்ணத்துப்பூச்சியின் புழு என்று கண்டு கையை எடுத்துக்கொண்டேன். வளர்ந்ததும் பச்சையாகிவிட்டது, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு நெடி விடுகிறது. நாலைந்து இலை போனால் போகட்டும், சாப்பிடட்டும்.

அழுகிய செம்பருத்தியின் நுனியில் பச்சையாக இருந்த ஒரு குச்சியை அன்றைக்கே வெட்டி ஊன்றியிருந்தேன். அது பிழைத்துக்கொண்டது, இப்போது முழங்கை உயரம், முதல் மொட்டு வைத்திருக்கிறது. நேற்று மதியம் போனபோது இலைகள் தொங்கின. மண்ணில் விரல் விட்டேன், உள்ளே ஈரம் இருந்தது. கீழே இறங்கி வந்துவிட்டேன், மனசு கேட்காமல் ஆறரை மணிக்கு மறுபடி ஏறிப் பார்த்தேன். எல்லா இலையும் நிமிர்ந்திருந்தது. மொட்டின் நுனியில் சிவப்பு தெரிகிறது, நாளைக் காலை விரியும் என்று நினைக்கிறேன். ஒரே நாள் பூ, அதனால் சீக்கிரமே எழுந்து போக வேண்டும்.