வேலை நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: மதர்போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கடலைமிட்டாய்:
வணக்கம். வீட்டில் வைத்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். கொஞ்ச நாளாக கம்ப்யூட்டர் வேலை நடுவே பொட்டென்று அணைந்து, தானாகவே திரும்ப ஆன் ஆகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை எதுவும் வருவதில்லை. ஆல்பம் பக்கங்களை மொத்தமாக எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதும் வீடியோ ரெண்டர் போடும்போதும்தான் இந்தக் கூத்து. சும்மா பிரவுசிங், டைப்பிங் என்றால் நாள் முழுக்க ஓடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தொல்லை அதிகம்.

இன்னொன்று, காலையில் முதல் தடவை பட்டனை அமுக்கினால் ஃபேன் லேசாகச் சுற்றி நின்றுவிடும். திரும்பத் திரும்ப அமுக்கினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் அப்புறம் மதியம் அணைத்துப் போட்டாலும் உடனே ஆன் ஆகிறது.

ஐ5 4460 ப்ராசசர், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். போன வருஷம் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு போட்டேன். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு வந்ததுதான், 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. கடையில் காட்டினால் “போர்டு போச்சு, இதுக்குப் புது போர்டு கிடைக்காது, ப்ராசசர் ரேம் எல்லாம் சேர்த்து மாத்திடுங்க” என்கிறார்கள். முகூர்த்த சீசன். கையில் ஆர்டர் நிற்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ரேம் ராசா:
ப்ரோ, முதலில் ரேமைக் கழற்றி, தங்கக் கால்களை ரப்பர் வைத்துத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். பாதி பிரச்சினை அதிலேயே போகும். சிபியு கூலரில் தூசி அடைத்திருந்தாலும் இப்படி அணையும்.

வோல்டேஜ் அக்கா:
ரேம் கெட்டுப்போனால் பெரும்பாலும் நீலத்திரை வரும், ஃபைல் கெடும், புரோகிராம் பாதியில் மூடும். இங்கே லோடு ஏறும்போது மட்டும் விழுகிறது, காலையில் குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) காய்ந்துபோனால் குளிரில் சரியாக வேலை செய்யாது, சூடேறினால் ஓரளவு தேறிவிடும். அதனால்தான் மதியம் சமர்த்தாகக் கிளம்புகிறது.

ஆனாலும் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம், தம்பி. இதையெல்லாம் சொல்லுங்கள். விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவு இருக்கிறதா? அதைத் திறந்தால் விவரத்தில் பக்செக் கோடு (நீலத்திரைப் பிழை எண்) என்ன? கூடவே வியா லாக்கர் (WHEA-Logger) என்று ஏதாவது ஹார்ட்வேர் பிழை? ரெண்டர் ஓடும்போது சிபியு சூடு எத்தனை டிகிரி? அணைந்தபின் எப்போதாவது பிளக்கை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் உயிர் வந்திருக்கிறதா? முக்கியமாக, எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விடுங்கள், அது விளம்பரம்.

கடலைமிட்டாய்:
அக்கா, பார்த்துவிட்டேன். கெர்னல் பவர் 41 வரிசையாக இருக்கிறது. பக்செக் கோடு எல்லாவற்றிலும் 0. வியா எதுவும் இல்லை. சிபியு 68 டிகிரிக்கு மேல் போகவில்லை. ஒருமுறை ரெண்டரில் அணைந்தது பட்டனுக்கு அசையவே இல்லை, சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்டபின்தான் வந்தது. ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். 5 வோல்ட்டுக்கு 25 போட்டிருக்கிறது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது, அதுவும் எஸ்எம்பிஎஸ் வேலைதானா?

வோல்டேஜ் அக்கா:
நல்லா பார்த்திருக்கிறீர்கள். 41 என்பது “போன தடவை முறையாக அணைக்கவில்லை” என்று விண்டோஸ் புலம்புவது, அவ்வளவுதான். கோடு 0 என்றால் நீலத்திரை காட்டக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. 68 டிகிரி அந்த ப்ராசசருக்கு ஒன்றுமே இல்லை, சூட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பிளக்கை ஆஃப் செய்தால்தான் எழுந்தது என்பது பெரிய தடயம். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது, மின்சாரத்தைத் துண்டித்தால்தான் பூட்டு விடும்.

இப்போது ஸ்டிக்கர் கணக்கு. 12 ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். ஐ5 4460-க்கு 84 வாட், 1650-க்கு 75 வாட், இந்த இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரியிலிருந்துதான் (12 வோல்ட் தரும் வயர்கள்) இழுக்கும். அதுவே 159. ஹார்ட் டிஸ்க் மோட்டார், ஃபேன் எல்லாம் இன்னும் இருக்கிறது. கார்டு ஒரு நொடியின் சின்னத் துண்டில் இதைவிட அதிகமாகவும் இழுக்கும். மிச்சம் வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரியில் தூங்குகிறது. இந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. பழைய டிசைனை வைத்து ஸ்டிக்கரை மட்டும் புதுசாக ஒட்டுகிறார்கள்.

ராத்திரி அதிகம் விழுவதற்கும் காரணம் இருக்கலாம். அந்த நேரம் உங்கள் தெருவில் லோ வோல்டேஜ் உண்டா? 230 வந்தால் உள்ளே பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். 190 வந்தால் 270 பக்கம்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கரண்ட் ஒரு 16 மில்லி செகண்ட் கண் சிமிட்டினாலும் தாங்கவேண்டும். காய்ந்த கண்டென்சரும் குறைந்த வோல்டேஜும் சேர்ந்தால் அந்தத் தாக்குப்பிடிப்பு போய்விடும்.

கேபினட் ஷாக் தனிக்கதை. அப்புறம் வருகிறேன்.

டிப்ளமோ பையன்:
மதர்போர்டில் செருகியிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் போதுமே. ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கிறது, சுற்றாவிட்டால் போச்சு.

வோல்டேஜ் அக்கா:
சுற்றாவிட்டால் போச்சு என்பது பெரும்பாலும் சரி. சுற்றினால் நல்லது என்பது தப்பு. காலி பஸ் எந்த மேட்டையும் ஏறும், ஆள் ஏறினபிறகுதான் எஞ்சின் லட்சணம் தெரியும். தம்பியின் கம்ப்யூட்டர் பிரவுசிங்கில் நாள் முழுக்க ஓடுகிறதே, அந்தக் கிளிப் சோதனையில் இதுவும் பாஸ்தான் ஆகும். லோடு இருக்கும்போது அளந்தால்தான் பேச்சு.

கடலைமிட்டாய், யாரிடமாவது மல்டிமீட்டர் இருக்கிறதா? டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கேபினட்டுக்குள் சும்மா தொங்கும் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று இருக்கும். நடுவில் இருக்கும் கறுப்பில் கறுப்பு முனை, ஓரத்து மஞ்சளில் சிவப்பு முனை. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு வயர் 5 வோல்ட். முனை நழுவி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், நிதானமாகச் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, ரெண்டர் போட்டுவிட்டு ஒரு அளவு. 12-க்கு 11.4 முதல் 12.6 வரை, 5-க்கு 4.75 முதல் 5.25 வரை அனுமதி. பயோஸிலும் மென்பொருளிலும் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். மதர்போர்டு சென்சார் சில சமயம் 12-ஐ 8 என்றுகூடக் காட்டும், நிஜமாக 8 இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகியே இருக்காது.

ஃபர்மார்க் மென்பொருள் மாதிரி கார்டைக் கொளுத்தும் சோதனை எதுவும் போடாதீர்கள். சந்தேகப்படும் எஸ்எம்பிஎஸ் போகிற போக்கில் போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடலைமிட்டாய்:
பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12 வரி 11.83, 5 வரி 5.12. ரெண்டர் கொடுத்ததும் 12 வரி 11.3-க்கு வந்தது, 11.1 என்று கண்ணில் பட்டபோது அணைந்துவிட்டது. ஆச்சரியம், அந்த நேரம் 5 வரி குறையாமல் 5.23-க்கு ஏறியது!

வோல்டேஜ் அக்கா:
அந்த 5 ஏறியதுதான் எனக்குப் பிடித்த தடயம். மலிவான டிசைனில் இரண்டு வரிகளையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். 12 வரியை எல்லோரும் இழுக்க, 5 வரியில் ஆளே இல்லாவிட்டால், அந்தச் சுற்று 12-ஐத் தூக்கப்போய் 5-ஐ உயர்த்திவிடும். 11.1 கணக்குக்கு வெளியே போய்விட்டது. சாம்பல் நிற வயரில் “பவர் சரி” என்ற சிக்னல் இருக்கும், அது விழுந்த கணமே போர்டு ரீசெட் ஆகும். நீலத்திரைக்கு நேரமில்லாமல் போவது இதனால்தான். இன்னும் வேகமான சரிவுகள் மீட்டர் கண்ணுக்கே தெரியாது.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுங்கள். முடிந்தால் முதலில் நண்பர் ஒருவரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி ரெண்டர் போட்டுப் பாருங்கள், கடைக்காரரிடம் பேச வசதி. வாங்கும்போது 12 வரியில் 35 ஆம்பியர் பக்கம் இருக்கவேண்டும், 80 பிளஸ் (மின்திறன்) முத்திரை இருந்தால் நல்லது. கேபிள் கழற்றி மாட்டும் மாடல் என்றால் அதனோடு வந்த கேபிளை மட்டுமே போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், செருகுவதற்கு மட்டும் ஒழுங்காகச் செருகும், ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.

கடலைமிட்டாய்:
இரவல் கிடைக்கவில்லை, நேராக 450 வாட் பிராண்டட் ஒன்று வாங்கிவிட்டேன். 12 வரி சும்மா இருக்கும்போது 12.08, ரெண்டரில் 11.97. காலையில் ஒரே அமுக்கில் கிளம்புகிறது. நின்றிருந்த ஆல்பங்கள் எல்லாம் எக்ஸ்போர்ட் ஆகி பிரஸ்ஸுக்குப் போய்விட்டன. போர்டு, ப்ராசசர், ரேம் எல்லாம் பழையதுதான்!

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கண்டென்சர் மாற்றினால் அம்மாவின் பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஆகுமா?

சால்டரிங் தாத்தா:
தம்பி, நான் டிவி ரிப்பேர் செய்தவன். அதில் மண்டை உப்பிய கண்டென்சர் ரெண்டு மூணு இருக்கும், மாற்றினால் ஓடவும் செய்யும். பழகாத கை என்றால் திறக்காதே. பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஊதா வயரில் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றில் இருக்கும் சின்னக் கண்டென்சர் காய்ந்து வோல்டேஜ் எகிறினால் போர்டுதான் பலி. அம்மா கம்ப்யூட்டருக்கு இது வேண்டாம். பழைய சாமான் கடையில் போடு.

கடலைமிட்டாய்:
சரி தாத்தா. அக்கா, புதுசு போட்டும் கேபினட்டில் அந்தச் சுர்ர் போகவில்லையே?

வோல்டேஜ் அக்கா:
போகாது, அது எர்த் இல்லாத குறை. பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குக் குட்டிக் கண்டென்சர் ஒவ்வொன்று இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடி கிட்டத்தட்ட பாதி வோல்டேஜில், 115 பக்கம் மிதக்கும். எலக்ட்ரீஷியன் அண்ணனையே கூப்பிடுங்கள், பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட் காட்டவேண்டும். நியூட்ரலை எர்த் பின்னோடு லூப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 நிற்கும்.

கடலைமிட்டாய்:
அண்ணன் பார்த்துவிட்டார். சுவிட்ச் பாக்ஸில் எர்த் வயரே வரவில்லையாம், மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு. மீட்டர் போர்டிலிருந்து வயர் இழுக்கவேண்டும், அடுத்த வாரம் வருகிறார். அதுவரை வேலை செய்யலாமா?

வோல்டேஜ் அக்கா:
செய்யலாம், வெறும் காலோடு ஈரத் தரையில் நின்று கேபினட்டைத் தொடவேண்டாம். மானிட்டர், டிவி கேபிளைச் செருகுவதாக இருந்தால் இரண்டு பக்கப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செருகுங்கள். பாடி மிதக்கும்போது ஓடுகிற ஓட்டத்தில் எச்டிஎம்ஐ குத்தினால் கார்டின் போர்ட் போய்விடும்.