பணி ஆணை வந்துவிட்டது, பயிற்சி எங்கே? – அமீனா அனுபவங்கள்

புது அமீனா:
வணக்கம். மாவட்ட நீதிமன்றங்களுக்கு 2,329 பேரை எடுப்பதாக 2024இல் உயர் நீதிமன்றம் அறிவிப்பு விட்டதே, அதற்கு எழுதியவன் நான். இப்போது இளநிலை கட்டளைப் பணியாளராக, அதாவது கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனாவாக, பணி ஆணை வந்திருக்கிறது. படித்தது பி.காம். தேர்வில் தமிழும் பொது அறிவும் கேட்டார்கள், சம்மனைப் பற்றி எதுவும் வந்ததாக நினைவில்லை. திங்கட்கிழமை சேர வேண்டும். இந்த வேலைக்கென்று பயிற்சி, சான்றிதழ் ஏதாவது உண்டா? வீடு வீடாகப் போய்ச் சம்மன் கொடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சைக்கிள் காலத்து ஆள்:
தம்பி, வாழ்த்துகள். தனியாகச் சான்றிதழ் எதுவும் கிடையாது. மாநில நீதித்துறை அகாடமி சென்னையிலும் கோவை, மதுரை மையங்களிலும் வகுப்பு எடுக்கிறது. கூப்பிட்டால் போய் வாருங்கள். பிற்பாடு பதவி உயர்வு வேண்டுமென்றால் துறைத் தேர்வுகள் எழுத வேண்டிவரும். ஆனால் உங்களுக்குத் திங்கட்கிழமையே வேலை இருக்கிறது.

நான் 1988இல் சேர்ந்தேன். என் பயிற்சி மொத்தமும் ஒரு சீனியரின் சைக்கிள் கேரியரில் நடந்தது. அவர் முதல் நாள் சொன்னது: "ஊருக்குள்ள நுழைஞ்சதும் டீக்கடையில கோர்ட்டுப் பேச்சை எடுக்காதே. நீ டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளு பஸ் ஏறிடுவான்."

மூன்று வாரம் கழித்து என்னைத் தனியாக அனுப்பினார்கள். ஒரு புரோநோட் வழக்கு. பிரதிவாதியின் பெயர், இனிஷியல், தெரு எல்லாம் சரியாக இருந்தது. வாசலில் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னேன், "நான்தான்" என்றார். கடன் விஷயம் என்றேன். முகம் சுருங்கியது, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். நானும் சம்மன் அசலின் பின்பக்கம் "நேரில் சார்பு செய்தேன்" (கொடுத்தேன்) என்று எழுதி, கோர்ட்டில் அமீனாக்களுக்குப் பொறுப்பான நாசரிடம் கொடுத்துவிட்டேன். வேலை இவ்வளவு சுலபமா என்று அன்று தோன்றியது.

வாய்தாவுக்கு யாரும் வரவில்லை. பிரதிவாதி வராமலே வாதிக்குத் தீர்ப்பாகி, எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனது. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு அமீனா ஜப்தி வாரண்ட்டோடு அந்தத் தெருவுக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அதே பெயர், அதே இனிஷியலில் நான்கு வீடு தள்ளி இன்னொருவர் இருந்திருக்கிறார். நிஜமான பிரதிவாதி அவர்தான். எனக்குச் சம்மனே வரவில்லை என்று டிகிரியை ரத்து செய்ய மனுப் போட்டார். நான் கூண்டில் ஏற வேண்டியதாயிற்று.

"இவர்தான் அவர் என்று யார் அடையாளம் காட்டினார்கள்?" என்று நீதிபதி கேட்டார். "அவரே சொன்னார் ஐயா" என்றேன். கையெழுத்துப் போட்டவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சொன்னார்: "எனக்கும் ஒருத்தர்கிட்ட கடன் இருந்துச்சுங்க. அவர்தான் கேஸ் போட்டுட்டார்னு நினைச்சேன்." படிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "கூரை எரவாணத்துல செருகி வச்சேன், இன்னும் அங்கதான் இருக்கும்" என்றார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு மெமோ கிடைத்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அப்பா பெயரைக் கேட்காமல் நான் ஒரு தாளையும் நீட்டியதில்லை. வாதி பெயரையும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். வாங்க மறுத்தாலோ, தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்காவிட்டாலோ, வெளிக்கதவில் ஒட்டலாம். ஆனால் எப்போது, எப்படி ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினேன், எல்லாம் ரிட்டர்னில், அதாவது கோர்ட்டுக்குத் திருப்பித் தரும் அறிக்கையில், இருக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 5ஆவது ஆணை, 9 முதல் 20 வரை உள்ள விதிகளை இந்த வாரத்துக்குள் இரண்டு தடவை படித்துவிடுங்கள். சிறிய விதிகள்தான்.

குமாஸ்தா:
அண்ணன் சொன்னதில் அமீனா பேரில் மட்டும் தப்பு இல்லை. அப்பா பெயர், கதவு எண் இல்லாமல் பிராது தயார் செய்கிற வக்கீல் குமாஸ்தாக்களான எங்களுக்கும் பங்கு உண்டு. பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்) கட்டிவிட்டோம், இனி அமீனா பாடு என்று இருந்துவிடுகிறோம். இன்னொன்று: வீட்டில் ஆள் இல்லாதபோது, எப்போது வருவார் என்றும் தெரியாதபோது, கூடக் குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. எங்கள் வழக்கு ஒன்றில் தோட்டத்துக் காவல்காரர் கையெழுத்துப் போட்டு, ரிட்டர்ன் திரும்பி வந்து, நான்கு மாதம் போனது.

மலையடிவாரம்:
நானும் இளநிலைதான், பெண். ஐந்து வருடம் ஆகிறது. என் அனுபவம் கொஞ்சம் வேறு. என்னைப் பார்த்ததும் யாரும் ஓடுவதில்லை. மகளிர் குழு, கணக்கெடுப்பு, ரேஷன் என்று எதையாவது நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து மோர் கொடுப்பார்கள். பையைத் திறந்த பிறகுதான் மாறும். ஒருவர் கொடுத்த தம்ளரையே திருப்பி வாங்கிக்கொண்டார்!

இப்போது சம்மன் கொடுப்பதைப் போனில் பதிவு செய்யும் என்ஸ்டெப் செயலி வந்துவிட்டது. வாசலில் நின்று போட்டோ எடுத்தால் இடமும் நேரமும் அதில் பதிவாகும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிய காலம் முடிந்தது. சிக்னல் இல்லாத ஊர்தான் எனக்குத் தலைவலி, நேரத்தைத் தாளிலும் குறித்துக்கொள்வேன்.

மறக்க முடியாதது ஒரு பாட்டி. பாகப்பிரிவினை வழக்கு. கண் தெரியவில்லை, படித்துக் காட்டு என்றார். வாதி பெயரைப் படித்தேன். "என் மகளா?" என்றார். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். கைநாட்டு வைத்த பிறகு, "இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார். வழக்கைப் பற்றி நாம் எதுவும் சொல்லக் கூடாது. வாய்தா தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன். தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். அன்று இன்னும் மூன்று சம்மன் பாக்கி இருந்தது. கொடுக்காமல் திரும்பிவிட்டேன். ரிட்டர்னில் அதற்கு என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

சைக்கிள் காலத்து ஆள்:
கேட்கவில்லை அம்மா.

ஜப்திக்காரன்:
சம்மன் பரவாயில்லை தம்பி, ஜப்திக்குப் போகும் நாள் வரட்டும். விபத்து நஷ்டஈடு கட்டாததால் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யப் போனேன். பேருந்து நிலையத்தில், முகூர்த்த நாளில், உள்ளே நிற்கக்கூட இடமில்லை. ஆணையைக் காட்டினேன். டிரைவர் எதிர்க்கவில்லை, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு பீடி பற்றவைத்தார். வண்டியைக் காலி செய்ய வைத்ததற்குத் திட்டு வாங்கியது நான்தான். சீர்வரிசைத் தட்டோடு இறங்கிய ஓர் அம்மா கொடுத்த சாபம் இன்னும் காதில் இருக்கிறது. காலை இழந்தவருக்குச் சேர வேண்டிய பணம் இது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்போது வாய் வரவில்லை.

வீட்டு ஜப்தி என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60, 62 பிரிவுகள் உங்களுக்குக் கவசம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவி எதையும் தொடக் கூடாது. பொழுது சாய்ந்து விடியும்வரை வீட்டுக்குள் நுழையக் கூடாது. "எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க" என்று கூடவே வந்து கத்துகிற வாதியிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். சொத்து ஜப்திக்கு முன்பெல்லாம் தண்டோரா போடுவோம். 2022இல் தலைமைச் செயலாளர் தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று கடிதம் அனுப்பினார். நல்லதுதான். தண்டோரா அடிக்க வருகிறவரை ஊர் நடத்திய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஹூஸ்டன்வாசி:
இங்கே அமெரிக்காவில், டெக்சஸில், சம்மன் கொடுப்பதைத் தனியாரும் தொழிலாகச் செய்யலாம். வகுப்பு முடித்து, கைரேகை கொடுத்து, மாநில ஆணையத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பகுதி நேரமாகச் செய்யலாமா என்று நானும் ஒரு சமயம் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை, சில விதிவிலக்கு தவிர, சிவில் சம்மன் கொடுக்கக் கூடாது என்பது விதி. எனக்கு விடுமுறையே ஞாயிறுதான். அதோடு விட்டுவிட்டேன்.

புது அமீனா:
எல்லோருக்கும் நன்றி. சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று முதல் சம்மனைத் தனியாகக் கொடுத்தேன், வாடகை வழக்கு. பெயரைக் கேட்டேன், சொன்னார். அப்பா பெயரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதல்ல உங்க அப்பா பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அட, உங்க அப்பாகூடத்தான் நான் படிச்சேன், உள்ள வாங்க" என்றார். உள்ளே போகவில்லை. வாசலிலேயே கையெழுத்து வாங்கி, காலை 10.40 என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.